நுரை பொங்கினால் அழுக்கு போய்விடுமா?

வீட்டு வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், "சொன்னபடியெல்லாம் செய்தேன், பலிக்கவில்லை" என்ற வகை. அதனால் எதைச் செய்வது என்பதோடு, செய்தது ஏன் பலிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

சமையலறை சிங்க் அடைத்துக்கொண்டது. சமையல் சோடாவைக் கொட்டி அதன்மேல் வினிகரை ஊற்றினேன். நன்றாகப் பொங்கியது, ஆனால் தண்ணீர் இறங்கவே இல்லை. அளவு குறைந்துவிட்டதா?

அளவில் தவறில்லை. அந்த இரண்டையும் சேர்த்ததுதான் தவறு. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் கலந்தால் ஒன்றின் வேகத்தை இன்னொன்று அடக்கிவிடும். ஒரு கப் வினிகரில் (240 மி.லி., 5% அமிலம்) சுமார் 17 கிராம் சோடாவைப் போட்டால், பொங்கி அடங்கிய பிறகு அதில் காரமும் இருக்காது, அமிலமும் இருக்காது. மிஞ்சுவது லேசான உப்புத் தண்ணீர். மேலே வந்த நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு வாயு. மேல்பக்கம் திறந்திருக்கும் குழாயில் அந்த வாயு மேலேதான் வருமே தவிர, கீழே இருக்கும் அடைப்பைத் தள்ளாது.

சமையலறை சிங்க்கில் அடைத்துக்கொள்வது பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு. சூடாக இருக்கும்போது ஓடிப் போகிற கொழுப்பு, குழாயின் குளிர்ந்த சுவரில் பட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் சோற்றுப் பருக்கையும் காய்த்தோலும் படிந்து கெட்டியாகிவிடுகின்றன. தண்ணீர் மெதுவாகவாவது இறங்குகிறது என்றால், பாத்திரம் கழுவும் திரவத்தில் கால் கப் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, 2 லிட்டர் நல்ல சுடுதண்ணீரை ஒரே வீச்சாக ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம். பிவிசி குழாய் கொதிநீரின் சூட்டில் இளகும், மூட்டுகள் தளர்ந்து கசியத் தொடங்கும். அடுப்பிலிருந்து இறக்கி ஐந்தாறு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுவது நல்லது.

துளிகூட இறங்கவில்லை என்றால் ரப்பர் பம்ப்தான் வழி. அதிலும் பலர் தவறவிடுகிற ஓர் இடம் இருக்கிறது. சிங்க்கின் மேல்விளிம்புக்குக் கீழே வழிந்தோடும் துளை இருந்தால், ஈரத்துணியைச் சுருட்டி அதை இறுக்கி அடைக்க வேண்டும். இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் அடுத்த தொட்டியின் துளையையும் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் நீங்கள் கொடுக்கிற அழுத்தம் முழுவதும் அந்த வழியாகப் போய்விடும். ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கட்டும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அதனால்தான் தண்ணீர் வழியாகப் போகிற தள்ளு அடைப்பைப் போய்ச் சேர்கிறது. பதினைந்து இருபது முறை விடாமல் அழுத்தி இழுத்து, கடைசி இழுப்பில் வெடுக்கென்று எடுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? சிங்க்குக்கு அடியில் குடுவை போலவோ வளைவாகவோ ஒரு பகுதி இருக்கும். வாளியை அதன்கீழ் வைத்துவிட்டு, கையாலேயே திருகிக் கழற்றலாம். அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையம் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் கட்டாயம்: கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் பொடியை ஏற்கெனவே போட்டிருந்தால் பம்ப் பிடிக்கவும் வேண்டாம், குடுவையைக் கழற்றவும் வேண்டாம். அந்தப் பொடியில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும். தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அப்போது பிளம்பரைக் கூப்பிட்டு, பொடி போட்டதை முதலில் சொல்லிவிடுங்கள்.

அடிப்பிடித்த அலுமினியப் பாத்திரத்தில் சமையல் சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன். கருகல் போனது, ஆனால் உள்பக்கம் முழுவதும் கறுத்துவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. அலுமினியத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டு. காரம் அதை அரித்து நிறம் மாற்றிவிடும். 1 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அல்லது பிழிந்த தோல்கள் நாலைந்து போட்டு, கறுப்பு மூழ்கும்படி ஊற்றி 10 முதல் 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். பழைய நிறம் திரும்பும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

சோடாக் கொதி எவர்சில்வர் பாத்திரத்துக்கு உரியது. கருகல் மூழ்கும் அளவு தண்ணீர், 2 மேசைக்கரண்டி சோடா, பத்து நிமிடக் கொதி, பிறகு முழுதாக ஆறும்வரை அப்படியே விட வேண்டும். ஆறுவதற்குள் சுரண்ட ஆரம்பித்தால் பாதிதான் வரும். ஊறிய கருகல் மரக்கரண்டியின் ஓரத்தால் தள்ளினாலே ஏடு ஏடாகக் கழன்று வரும். எவர்சில்வரில் வானவில் நிறத்தில் மினுக்கம் தெரிகிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அது அதிகச் சூட்டில் தடித்துப்போன ஆக்சைடுப் படலம். துணியில் வினிகர் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பாறைபோல் படிந்திருக்கிறது. சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அசையவில்லை.

சோப்புக்கு அது அசையாது. அது எண்ணெயோ தூசியோ இல்லை, தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து. அமிலம் மட்டுமே அதைக் கரைக்கும். கெட்டிலில் 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அணைத்து, கொதி அடங்கிய பிறகு 2 மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதிக்கும்போது கொட்டினால் பொங்கி வெளியே வழியும். சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக மேலே வருவதைப் பார்க்கலாம். அது படிவு கரைகிறதற்கு அடையாளம். அரை மணி நேரம் கழித்துக் கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசி, ஒரு முறை வெறும் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டிய பிறகு பயன்படுத்துங்கள்.

குளியலறைக் குழாயில் படிந்த வெள்ளைக்கு, வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்தால் போதும். இரவு முழுக்க விட்டால் முலாம் மங்கும். பளிங்குத் தரை, பளிங்கு மேடை இருக்கும் வீட்டில் வினிகரையும் எலுமிச்சையையும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பளிங்கும் இந்தச் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்ததுதான். படிவைக் கரைக்கிற அமிலம் கல்லையும் அரிக்கும். அந்த மங்கல் துடைத்துப் போகாது, மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்டு.

கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊற வைத்து, தக்காளியோடு சேர்த்து வேகவைத்தேன். குக்கரில் வெகுநேரம் வைத்தும் நடுவில் கல்போல் இருக்கிறது.

மூன்று காரணம் இருக்கலாம். உங்கள் கேள்வியிலேயே ஒன்று தெரிகிறது: தக்காளி. கடலையின் தோலையும் சதையையும் கட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் இளகினால்தான் கடலை மசியும். புளிப்பு இருந்தால் அது இளகாது. தக்காளி, எலுமிச்சை எதுவானாலும், கடலையை விரலிடையில் அழுத்தி அது மாவாக நசுங்கிய பிறகே சேர்க்க வேண்டும்.

இரண்டாவது தண்ணீர். உப்புக் கரிக்கும் கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் பெக்டினை மேலும் இறுக்கும். வேகவைக்க மட்டுமாவது வடிகட்டிய தண்ணீரைப் பயன்படுத்திப் பாருங்கள். மூன்றாவது, கடலையின் வயது. சூடும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு எத்தனை நேரம் ஊறினாலும் முழுதாக மசியாது. ஊறிய பிறகும் சுருங்கிய தோலோடு கிடப்பவை அந்த வகை. பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

உப்பு போட்டால் வேகாது என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். உண்மை அதற்கு எதிர். ஊற வைக்கும்போது 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி உப்பு போட்டால், உப்பிலுள்ள சோடியம் தோலிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தோல் மெதுவாகும், வெடித்துப் பிரியாது. 8 முதல் 12 மணி நேரம் ஊறட்டும். வெயில் காலத்தில் அதற்குமேல் வெளியே வைத்தால் நுரைத்துப் புளிக்கும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டி, அலசி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். அப்படியும் பிடிவாதம் பிடித்தால் 250 கிராம் கடலைக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா. அதற்குமேல் போட்டால் சோப்பு வாடை வரும், குழைந்துபோகும், பி1 வைட்டமினும் அழியும்.

ராஜ்மா சமைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் லெக்டின் என்ற நச்சு உண்டு. அரைகுறையாக வெந்த நாலைந்து விதையே கடும் வாந்தியைக் கொண்டுவரும். குறைந்தது 5 மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும். பிரஷர் குக்கரில் நன்றாக மசிய வெந்தால் கவலையில்லை. மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பானையில் பச்சை ராஜ்மாவை நேரடியாகப் போடவே கூடாது. கொதிநிலையை எட்டாத சூடு நச்சை அழிக்காமல் அதிகமாக்கிவிடுகிறது.

குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் உறிஞ்சிவிடுமா?

உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்காது. உப்புக் கலந்த குழம்பைத்தான் உறிஞ்சும். மிச்சக் குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும். கணக்கு எளிது: குழம்பில் கால் பங்கை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அதே அளவு உப்பில்லாத தண்ணீரோ வேகவைத்த காயோ சேர்த்தால் உப்பு கால் பங்கு குறையும். எடுத்து வைத்ததை அடுத்த சமையலில் உப்புக்குப் பதிலாக ஊற்றிக்கொள்ளலாம்.

மிச்சச் சோற்றை நன்றாக ஆறிய பிறகுதான் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். அதற்கு நாலைந்து மணி நேரம் ஆகிறது. மறுநாள் சூடாக்கிச் சாப்பிடுகிறோம். சரிதானே?

இதை மாற்றிக்கொள்ளுங்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சமைக்கும் கொதியில் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கின்றன. மறுபடி சூடாக்கினால் பாக்டீரியா சாகலாம், சுரந்து வைத்த நச்சு அழியாது. கெட்ட வாசனைகூட வராமல் இருக்கலாம் என்பதுதான் இதில் மோசம்.

பெரிய பாத்திரத்தில் குவியலாக இருக்கும் சோற்றின் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். மேலே தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். அகலமான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். இருபது முப்பது நிமிடத்தில் ஆவி அடங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். உள்ளே 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். சாப்பிடும்போது ஆவி பறக்கச் சூடாக்குங்கள், அதுவும் ஒரே ஒரு முறை.

பிரஷர் குக்கரில் விசில் வராமல் மூடியின் ஓரத்தில் ஆவி போகிறது. கேஸ்கெட்டை ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்கள்.

குளிரில் ரப்பர் சற்றே இறுகும். அடுப்பின் சூட்டில் அது சில நிமிடங்களில் பழையபடி ஆகிவிடும். முதலில் கேஸ்கெட்டைக் கழற்றிக் கழுவுங்கள், மூடியில் அது உட்காரும் பள்ளத்தையும் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். காய்ந்த கஞ்சி ஒரு திட்டு ஒட்டியிருந்தாலே அந்த இடத்தில் ஆவி வழி கண்டுபிடித்துவிடும். பிறகு கேஸ்கெட்டை இரு கையாலும் பிடித்து மெல்ல வளைத்து, உள்விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை போல வெடிப்பு தெரிந்தாலோ, வளைக்கும்போது விறைத்துக்கொண்டாலோ புதிது வாங்க வேண்டியதுதான். உங்கள் குக்கரின் மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். கேஸ்கெட் நன்றாக இருந்தும் கசிந்தால் பாத்திரத்தின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கீழே விழுந்து நசுங்கியிருக்கலாம்.

விசிலும் வராமல் ஓரத்திலும் கசியாமல் இருந்தால்தான் உண்மையில் பயப்பட வேண்டும். அடுப்பை உடனே அணைத்து, தானாக ஆறும்வரை தொடாதீர்கள். வெயிட் உட்காரும் குழாய் அடைத்திருக்கும். சமைக்கும் முன் மூடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, அந்தத் துளை வழியாகப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பொங்கி நுரைக்கிற பயறு, அரிசி என்றால் பாதிதான். ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை குறையும். சேஃப்டி வால்வு ஒரு முறை உருகிப் போனால் தண்ணீர் வற்றியதா, குழாய் அடைத்ததா என்று காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே புது வால்வு போடுங்கள்.

துவைத்துக் காய்ந்த துண்டில் வாசனை இல்லை. ஒரு முறை முகம் துடைத்து ஈரமானதும் நாற்றம் வருகிறது. தண்ணீரையும் சரியாக உறிஞ்சவில்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்று: துணிக்குள் தங்கிப்போன சோப்பும், துணியை மென்மையாக்கும் திரவமும். அந்தத் திரவம் நூலின்மேல் எண்ணெய் போன்ற பூச்சைப் போடுகிறது. தொட்டால் மெத்தென்று இருக்கும், தண்ணீரை உள்ளே விடாது. உடலின் எண்ணெயும் அதில் சேர்ந்துகொள்ள, மோராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. துண்டு காய்ந்தாலும் இவை சாவதில்லை. ஈரம் பட்டதும் மறுபடி வேலையைத் தொடங்குகின்றன.

துண்டுகளை மட்டும் தனியாக, 60 டிகிரி தண்ணீரில், வழக்கமான சோப்பில் பாதி அளவோடு ஆக்சிஜன் பிளீச் பொடி (குளோரின் இல்லாத சலவை வெளுப்புப் பொடி) சேர்த்துத் துவையுங்கள். மென்மைத் திரவத்தைத் துண்டுக்கு இனி விடவே வேண்டாம். துவைத்து முடிந்ததும் இயந்திரத்துக்குள் கிடக்க விடாமல் உடனே எடுத்து, மடிப்பில்லாமல் விரித்துக் காயப் போடுங்கள். முன்பக்கக் கதவு இயந்திரம் என்றால் கதவோரத்து ரப்பர் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று ஏதாவது ஒட்டும். அதைத் துடைக்காமல் துண்டை எத்தனை முறை துவைத்தாலும் நாற்றம் திரும்பி வரும். வேலை முடிந்ததும் கதவையும் சோப்புத் தட்டையும் திறந்தே வையுங்கள்.

சட்டையில் எண்ணெய்க் கறை. துவைத்தபோது தெரியவில்லை, இஸ்திரி போட்ட பிறகு தெரிகிறது.

ஈரத்துணியில் எண்ணெய்க் கறை கண்ணுக்குத் தெரியாது, காய்ந்தால்தான் தெரியும். இஸ்திரிச் சூடு அதை மேலும் பதித்துவிட்டது. இருந்தாலும் முயலலாம். துணியை நனைக்காமல், கறையின்மேல் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, விரல் நுனியால் தேய்த்து 15 நிமிடம் வையுங்கள். நனைத்த துணியில் விட்டால் நீர்த்துப்போய் எண்ணெயைப் பிடிக்காது. துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரில் துவைத்து, காற்றில் உலர்த்திப் பாருங்கள். இன்னும் தெரிந்தால் மறுபடி செய்யுங்கள். முழுதாகப் போகும்வரை இஸ்திரி வேண்டாம்.

ரத்தக் கறைக்கு இதற்கு நேர்மாறு. குளிர்ந்த தண்ணீர் மட்டும்தான். சூடு பட்டால் முட்டை வெந்து இறுகுவதுபோல் ரத்தத்தின் புரதமும் நூலில் இறுகிவிடும்.

கழிப்பறை இன்னும் பளிச்சென்று ஆக, ஆசிட் ஊற்றிய பிறகு பிளீச்சிங் பவுடரும் போடலாமா?

கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சிறிய அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். பிளீச்சோடு வினிகரையும் கலக்கக் கூடாது, அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தையும் கலக்கக் கூடாது. தெரியாமல் கலந்து மூக்கில் சுருக்கென்று ஏறினால், கழுவிவிட நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். மஞ்சள் கறைக்கு ஆசிட், கிருமிக்குப் பிளீச். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எறும்புக்குப் போரிக் பவுடரும் சர்க்கரையும் கலந்து வைத்தேன். பக்கத்திலேயே சில எறும்பு செத்துக் கிடந்தன. வரிசை நிற்கவில்லை.

மருந்து அதிகமாகிவிட்டது. எறும்பு அங்கேயே சாகக் கூடாது, எடுத்துக்கொண்டு போய்ப் புற்றில் இருக்கும் ராணிக்கு ஊட்ட வேண்டும். ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் 8 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் போரிக் பவுடர் மட்டும். ஏறக்குறைய 1% வரும். பஞ்சில் நனைத்து வரிசைக்குப் பக்கத்தில் வையுங்கள். முதல் நாள் கூட்டம் அதிகமாகும், துடைத்துவிடாதீர்கள். பஞ்சு காய்ந்தால் மாற்றிக்கொண்டே ஓரிரு வாரம் பொறுக்க வேண்டும். குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ எட்டுகிற இடம் என்றால் இந்த வேலையே வேண்டாம். சோப்புத் தண்ணீரால் தடத்தைத் துடைத்து, நுழைகிற விரிசலை அடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது.

பின்சுவரின் கீழே ஒரு சிறு துளை இருக்கும். பனி உருகிய தண்ணீர் அது வழியாகப் பின்னால் இருக்கும் தட்டுக்குப் போய் ஆவியாக வேண்டும். துளை அடைத்தால் உள்ளே தேங்கும். மின்இணைப்பை எடுத்துவிட்டு, ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பித் துளைக்குள் மெல்ல நாலைந்து முறை செலுத்துங்கள். கூர்மையான கம்பியால் குத்தாதீர்கள். கீரை, கொத்தமல்லியைப் பின்சுவரை ஒட்டித் திணிக்காமல் இருந்தால் மறுபடி சீக்கிரம் அடைக்காது.

ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய கண்ணாடி டம்ளர்களைப் பிரிக்க முடியவில்லை.

மேல் டம்ளருக்குள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கீழ் டம்ளரை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். உள்ளது சுருங்கும், வெளியிலிருப்பது விரியும். ஐஸ் தண்ணீரும் கொதிநீரும் வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும். துணியைச் சுற்றிப் பிடித்து, திருகியபடி மெல்ல இழுங்கள்.